பொம்மையில் பழகினால் பிள்ளை பிழைக்கும்



வானத்தில் இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்க எமக்கு யாரும் புத்தகம் தந்து படிப்பிக்கவில்லை. கைக்குழந்தையைத் தூக்குவது யார், அம்மம்மாவின் கையைப் பிடிப்பது யார், விளக்கை அணைப்பது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. இரண்டு மூன்று தடவை செய்த பிறகு ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அது பழகிவிட்டது. 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிராமங்களிலும் ஒத்திகைகள் நடந்தன. சத்தம் கேட்டால் எந்த ஒழுங்கையால் மேட்டுக்குப் போவது என்று சனங்கள் நடந்து பார்த்தார்கள். பயம் வந்த நேரத்தில் படித்தது மறந்துபோகும், பழகியது மட்டும் கைகொடுக்கும் என்பது நாம் பட்டறிந்த பாடம்.

இதே பாடம் வைத்தியசாலைக்கும் பொருந்தும். பிரசவ விடுதியில் ஒரு தாய்க்குத் திடீரென்று இரத்தம் பெருகுகிறது. அல்லது பிறந்த பிள்ளை அழாமல், மூச்செடுக்காமல் கிடக்கிறது. அந்த நிமிடத்தில் பக்கத்தில் நிற்கும் தாதியின் கை நடுங்கலாமா? நடுங்காமல் இருக்க அவள் எங்கே பழகுவது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு கதைக்கப் போகின்றேன். தாதியரும் மருத்துவ மாதரும் வைத்தியர்களும் உண்மையான நோயாளியைத் தொடுவதற்கு முன் பொம்மைகளை வைத்தும், நோயாளி போல நடிப்பவர்களை வைத்தும் பழகும் முறையை ஆங்கிலத்தில் ‘சிமியுலேஷன்’ என்பார்கள். நாம் இதனை ஒத்திகைக் கல்வி என்று சொல்வோம்.

யாருடைய உடம்பில் பழகுவது?

முதல் ஊசியை யாரோ ஒருவருக்குத்தான் போட வேண்டும். முதல் பிரசவத்தை யாரோ ஒரு தாயிடம்தான் பார்க்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதே கேள்வி. ஐரோப்பாவில் மருத்துவக் கல்வி வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், பணம் உள்ளவர்களின் வீட்டுக்கு வைத்தியர் போய்ப் பார்த்தார். பணம் இல்லாதவர்கள் தர்ம வைத்தியசாலைகளுக்குப் போனார்கள். மாணவர்கள் பழகியதும் அந்தத் தர்ம வைத்தியசாலைகளில்தான். ஏழைகளின் உடம்பே பாடப்புத்தகமாக இருந்தது. ஆகவே ஒத்திகைக் கல்வி என்பது வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல. அதற்குள் ஒரு நீதியும் இருக்கின்றது. பிழை விடுவதானால் பொம்மையில் விடட்டும், பிள்ளையில் விடக்கூடாது என்பதே அந்த நீதி.

இந்த வழியில் முன்னோடிகளில் ஒருவராக நடந்தவர் ஒரு பெண் என்பதை அறிந்தால் நீங்கள் மகிழ்வீர்கள். பிரான்ஸ் நாட்டில் 18 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவ மாது அவர். கிராமங்களில் பயிற்சியில்லாத பிரசவங்களில் தாயும் பிள்ளையும் இறந்துகொண்டிருந்த காலம் அது. 1759 ஆம் ஆண்டு, நாடு முழுவதும் சென்று கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பழக்கும்படி 15 ஆம் லூயி மன்னர் அவருக்கு அனுமதி கொடுத்தார். அதன் பின் இருபது வருடங்களுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று அவர் பயிற்றினார். நேரடியாக அவரிடம் பழகியவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்று மதிப்பிடுகின்றார்கள்.

அவரிடம் வந்த பெண்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அதற்காக அவர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. துணி, தோல், பஞ்சு கொண்டு ஒரு தாயின் இடுப்புப் பகுதியைத் தைத்தார். உள்ளே வைக்க ஒரு துணிப் பிள்ளையையும் செய்தார். தலை முதலில் வரும் பிரசவம், கால் முதலில் வரும் பிரசவம் என்று அந்தப் பிள்ளையைப் பல மாதிரியும் வைத்து, பெண்களின் கையாலேயே எடுக்கச் சொன்னார். அவருடைய துணிப் பொம்மைகளில் ஒன்று பிரான்ஸில் ருவான் நகரத்து நூதனசாலையில் இன்றும் இருக்கின்றது. தையல் தெரிந்த ஒரு பெண்ணின் கைவேலை எத்தனை உயிர்களுக்கு உதவியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவிலும் இதே மாதிரி நடந்தது. மார்த்தா சேஸ் என்ற பெண் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மை செய்து வந்தவர். 1911 ஆம் ஆண்டு ஹார்ட்போர்ட் நகரத்துத் தாதியர் பயிற்சிப் பாடசாலைக்காக ஆள் அளவில் ஒரு பொம்மை செய்து கொடுத்தார். ‘திருமதி சேஸ்’ என்று அதற்குப் பெயர் வந்தது. நோயாளியைக் கட்டிலில் புரட்டுவது, உடுப்பு மாற்றுவது, தூக்கி இருத்துவது எல்லாவற்றையும் மாணவிகள் அதில் பழகினார்கள். 1960 ஆம் ஆண்டு நோர்வே நாட்டில் விளையாட்டுப் பொருட்கள் செய்து வந்த ஓஸ்முன்ட் லேர்டால் என்பவர், மூச்சு நின்றவருக்கு வாயால் மூச்சு ஊதப் பழகுவதற்கான பொம்மையைச் செய்தார். முதலுதவி வகுப்புக்குப் போன சகோதரிகள் சிலர் அந்த ‘ஆன்’ பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்த்திருப்பீர்கள்.

ஒத்திகை எப்படி நடக்கின்றது?

ஒத்திகைக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில், இங்கே என்ன பழகப் போகின்றோம், பொம்மை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எல்லோருக்கும் சொல்லப்படும். இங்கே விடும் பிழை இந்த அறையைத் தாண்டி வெளியே போகாது என்ற உறுதியும் கொடுக்கப்படும். இரண்டாவது, ஒத்திகை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நடக்கும். மூன்றாவது, எல்லோரும் வட்டமாக இருந்து கதைப்பது.

இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் பலர் இதன் உயிர் என்கிறார்கள். பல இடங்களில் ஒத்திகையை விடக் கதைப்பதற்கே கூடிய நேரம் ஒதுக்குவார்கள். பயிற்றுநர், “நீ ஏன் இப்படிச் செய்தாய்?” என்று குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்க மாட்டார். “அந்த நேரத்தில் உமக்கு என்ன தெரிந்தது? என்ன நினைத்தீர்?” என்று கேட்பார். அந்தப் பிள்ளை மனந்திறந்து சொல்லும்போதுதான் பிழையின் வேர் தெரியவரும். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருந்திருக்கலாம். பெரிய வைத்தியரிடம் சொல்லப் பயந்திருக்கலாம். இருவர் ஒரே வேலையைச் செய்து, மற்ற வேலையை யாரும் செய்யாமல் விட்டிருக்கலாம்.

இப்படிப் பழகினால் உண்மையான விடுதியில் பழகுவதற்கு ஈடாகுமா என்ற சந்தேகம் எவருக்கும் வரும். அமெரிக்காவில் தாதியர் சபைகளின் தேசிய அமைப்பு இதனைச் சோதித்துப் பார்த்தது. 10 தாதியர் கல்லூரிகளின் மாணவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வழமை போல விடுதிகளில் பழகினார்கள். இன்னொரு பிரிவினருக்கு விடுதி நேரத்தில் கால்பங்கு ஒத்திகையாக மாற்றப்பட்டது. மூன்றாவது பிரிவினருக்குப் பாதி நேரம் ஒத்திகை. 666 பேர் கடைசி வரை ஆய்வில் இருந்தார்கள். 2014 ஆம் ஆண்டு முடிவு வெளியானது. அறிவிலும் திறமையிலும் மூன்று பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் வரை பார்த்தபோதும் அப்படியே இருந்தது. ஆனால் இந்தக் கல்லூரிகளில் பயிற்றுநர்கள் நன்றாகத் தயார்செய்யப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொம்மையை வாங்கி மூலையில் வைத்துவிட்டால் யாரும் படித்துவிட மாட்டார்கள்.

தனியாக அல்ல, கூட்டாக

ஒரு தாயைக் காப்பாற்றுவது ஒருவர் செய்யும் வேலை அல்ல. ஒருவர் குருதிப்பெருக்கை நிறுத்தப் பார்க்க வேண்டும், ஒருவர் சேலைன் ஏற்ற வேண்டும், ஒருவர் இரத்தம் எடுக்க ஓட வேண்டும், ஒருவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சமையலில் எல்லோரும் நின்றும், உப்புப் போட்டது யார் என்று தெரியாமல் போவதுண்டு அல்லவா? அதே குழப்பம் பிரசவ விடுதியில் வந்தால் உயிர் போகும். ஆகவேதான் ஒத்திகையில் ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கின்றார்கள். “யாராவது இரத்தம் எடுத்து வாருங்கள்” என்று பொதுவாகச் சத்தம் போடக்கூடாது. ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் “முடிந்தது” என்று சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துச் சவுத்மீட் வைத்தியசாலையில் 2000 ஆம் ஆண்டு இந்தக் கூட்டுப் பயிற்சி தொடங்கியது. வைத்தியர்களும் மருத்துவ மாதரும் வேறு வேறு வகுப்புகளில் இருக்கவில்லை. ஒன்றாக, தங்களுடைய வைத்தியசாலையிலேயே பழகினார்கள். பிரசவத்தில் பிள்ளையின் மூளைக்கு ஒட்சிசன் போதாமல் ஏற்படும் பாதிப்பு அதற்கு முன் 10,000 பிறப்புக்கு 27.3 ஆக இருந்தது. பயிற்சிக்குப் பின் 13.6 ஆகக் குறைந்தது. அதாவது பாதி.

ஹேடம் கிராமம் சொல்லும் பாடம்

இவையெல்லாம் பணக்கார நாடுகளின் கதை என்று நீங்கள் நினைக்கலாம். ஆகவே ஆபிரிக்காவில் தான்சானியா நாட்டுக்குப் போவோம். அந்த நாட்டின் வடபகுதியில், பட்டணத்துக்கு வெகு தொலைவில் ஹேடம் என்ற இடத்தில் ஒரு மிஷன் வைத்தியசாலை இருக்கின்றது. பிறந்து அழாத பிள்ளைகளைக் காப்பாற்றும் பயிற்சி அங்கே 2010 ஆம் ஆண்டு கொடுக்கப்பட்டது. ‘பிள்ளைகள் மூச்செடுக்க உதவுவோம்’ என்பது அந்தப் பயிற்சித் திட்டத்தின் பெயர்.

உலகில் பிறக்கும் பத்துப் பிள்ளைகளில் ஒன்றுக்கு, முதல் மூச்செடுக்க ஏதோ ஓர் உதவி தேவைப்படுகின்றது. பெரும்பாலும் அது சிறிய உதவிதான். உலர்ந்த சீலையால் துடைத்து, சூடாக வைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே பல பிள்ளைகள் அழுதுவிடும். அழாவிட்டால் பையும் முகமூடியும் கொண்டு காற்றுக் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். அதனைப் ‘பொன்னான நிமிடம்’ என்பார்கள். இதைப் பழகுவதற்கான பொம்மைக்கு மின்சாரம் தேவையில்லை. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பச்சைப் பிள்ளையின் பாரம் வந்துவிடும்.

ஹேடம் தாதியரும் மருத்துவ மாதரும் ஒரு நாள் முழுவதும் பழகினார்கள். பல மாதங்களின் பின் பொம்மையில் சோதித்தபோதும் முன்னரை விட நன்றாகவே செய்தார்கள். ஆனால் விடுதியில் என்ன நடக்கிறது என்று ஆய்வாளர்கள் பார்த்தபோது, உண்மையான பிள்ளைகளைப் பராமரிக்கும் விதம் மாறவே இல்லை! 2013 ஆம் ஆண்டு இதை மறைக்காமல் வெளியிட்டார்கள். ஒரு நாள் செயலமர்வு நடத்தி, தேநீரும் சான்றிதழும் கொடுத்து, படம் எடுத்துவிட்டுப் போகும் பயிற்சிகளை நாமும் நிறையப் பார்த்தவர்கள்தானே. அதன் பலன் எவ்வளவு என்பதை இந்த ஆய்வு காட்டுகின்றது.

ஹேடம்காரர் அத்தோடு விட்டுவிடவில்லை. பொம்மையைப் பிரசவ விடுதிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொரு கிழமையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் பழகினார்கள். அவ்வப்போது சற்று நீண்ட மீள்பயிற்சியும் வைத்தார்கள். 2011 பெப்ரவரியில் இது தொடங்கியது. ஒரு வருடத்துக்கு முந்திய கணக்கையும் ஒரு வருடத்துக்குப் பிந்திய கணக்கையும் ஒப்பிட்டார்கள். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் இறந்த பிள்ளைகள் 1,000 க்கு 11.1 ஆக இருந்து 7.2 ஆகக் குறைந்திருந்தார்கள். இன்னொரு மாற்றமும் இருந்தது. துடைத்தலும் முதுகு தேய்த்தலும் உரிய நேரத்தில் நடந்ததால், பையும் முகமூடியும் தேவைப்பட்ட பிள்ளைகளின் தொகையும் குறைந்தது.

ஆய்வாளர்கள் அதே ஆட்கள், வைத்தியசாலையும் அதே வைத்தியசாலை, பொம்மையும் அதே மாதிரிப் பொம்மை. மாறியது ஒன்றுதான். ஒரு நாளில் மொத்தமாகப் பழகுவதை விட்டு, கிழமைக்குக் கொஞ்சமாக, வேலை செய்யும் இடத்திலேயே, திரும்பத் திரும்பப் பழகினார்கள்.

இதே வழியைப் பின்பற்றி, தான்சானியாவின் 5 பிராந்தியங்களில் 30 சுகாதார நிலையங்களில் ஒரு பெரிய திட்டம் நடத்தப்பட்டது. ஒத்திகையோடு, வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பார்க்கும் கருவிகளும் கொடுத்தார்கள். 2025 ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியானது. பிரசவத்தின்போதோ முதல் நாளிலோ இறக்கும் பிள்ளைகள் 1,000 க்கு 15.3 இலிருந்து 12.5 ஆகக் குறைந்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி வெற்றி கிடைத்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. பிரிஸ்டல் முறையை ஸ்கொட்லாந்தில் 12 மகப்பேற்றுப் பிரிவுகளுக்குப் பரப்பிப் பார்த்தார்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் சிலரை அழைத்துப் பயிற்றி, அவர்கள் திரும்பிப் போய் மற்றவர்களைப் பயிற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. 2020 ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, ஒட்டுமொத்தமாகப் பிள்ளைகளின் நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. விதையைக் கொடுப்பது வேறு, அது முளைக்கும்வரை தண்ணீர் ஊற்றுவது வேறு.

எமக்கு இதில் என்ன இருக்கின்றது?

நாம் தாதியர் அல்லவே, எமக்கு ஏன் இது என்று கேட்கும் சகோதரிகளுக்காக நான்கு விடயங்களைச் சொல்கின்றேன்.

முதலாவது, பிழையைப் பற்றிக் கதைக்கும் முறை. எமது குடும்பங்களில் இழப்பு நடந்தால், “நான் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் விட்டேனே” என்று பெண்கள் தம்மையே வருடக்கணக்காகக் குற்றம் சாட்டிக்கொள்கின்றோம். அல்லது மற்றவர்களை ஏசுகின்றோம். இரண்டாலும் எதையும் படிக்க முடியாது. வட்டமாக இருந்து, “அந்த நேரத்தில் என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, அடுத்த முறை என்ன செய்யலாம்” என்று கதைக்கும் வழக்கத்தை எமது மாதர் சங்கங்களிலும் கடனுதவிக் குழுக்களிலும் கொண்டுவரலாம். பொறுப்புக் கூற வேண்டியவர்கள் கூறத்தான் வேண்டும். அதை இது மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பிழையும் கெட்ட மனதால் வருவதில்லை.

இரண்டாவது, வாய் திறந்து சொல்வது. இளைய தாதி, பெரிய வைத்தியரைப் பார்த்து “ஐயா, இதை ஒருக்கால் திரும்பப் பாருங்கள்” என்று சொல்லவும் ஒத்திகையில் பழக்குகின்றார்கள். படித்த பிள்ளைக்கே அதற்குப் பயிற்சி தேவைப்படுகிறதென்றால், நாம் வைத்தியசாலைக்குப் போய் வாய் திறக்காமல் திரும்புவதில் வியப்பில்லை. ஆகவே நாமும் பழகுவோம். கிளினிக் போகுமுன் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று விடயங்களை ஒரு துண்டில் எழுதி, வீட்டில் அக்காவிடமோ மகளிடமோ சொல்லிப் பாருங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும். மூன்றாம் தடவை சொற்கள் தானாக வரும்.

மூன்றாவது, பிரசவத்துக்கான வீட்டு ஒத்திகை. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால், ஒரு பின்னேரம் எல்லோரும் இருந்து கேட்டுப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் வாகனத்துக்கு யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டவர் வராவிட்டால் அடுத்தது யார்? மற்றப் பிள்ளைகளோடு யார் நிற்பது? கிளினிக் அட்டை எங்கே இருக்கிறது? 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். அதற்கு வீட்டுக்கு வரும் வழியைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும். கோவில், பாடசாலை, சந்தி என்று அடையாளம் வைத்து இன்றைக்கே சொல்லிப் பழகுங்கள். கணவன் இல்லாமல் தனித்துக் குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கும், தனித்து வாழும் கர்ப்பிணிகளுக்கும் அயல்வீட்டார் சேர்ந்து இந்த ஒத்திகையைச் செய்ய வேண்டும். இரத்தம் போதல், கடுமையான தலையிடியோடு கண் மங்குதல், வலிப்பு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மேலே சொன்ன மூச்சுக் கொடுக்கும் பயிற்சி தாதியருக்கும் மருத்துவ மாதருக்கும் உரியது. எமது வேலை, தாயை நேரத்தோடு வைத்தியசாலைக்குச் சேர்ப்பது.

நான்காவது, எமது பெண் பிள்ளைகள். தாதியாக வரும் விருப்பத்தோடு இருந்தும், “எனக்கு இரத்தத்தைக் கண்டால் பயம், நான் சரிவர மாட்டேன்” என்று பின்வாங்கும் பிள்ளைகள் இருக்கின்றார்கள். போரில் கண்ட காட்சிகள் மனதில் கிடக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பயம் கூடுதலாகவும் இருக்கலாம். அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அதேநேரம், தைரியம் என்பது பிறவியில் வருவது மட்டுமல்ல என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். முதல் நாள் பொம்மையின் கையைப் பிடிக்கும்போது நடுங்கும் கை, நூறாவது தடவை நடுங்காது. எழுத்தறியாத பிரெஞ்சுக் கிராமத்துப் பெண்கள் அப்படித்தான் பழகினார்கள்.

இந்த மாதம் உங்கள் சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒருவர் கர்ப்பிணியாக, ஒருவர் அயலவராக, ஒருவர் தொலைபேசியில் பதில் சொல்பவராக நடித்துப் பாருங்கள். சிரிப்பு வரும், சிரியுங்கள். முடிந்த பிறகு வட்டமாக இருந்து, எங்கே தடக்கியது என்று கதையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்திலும் பத்து நிமிடம் திரும்பச் செய்யுங்கள். ஒரு தடவையோடு விட்டுவிட வேண்டாம்.